குளிர் இறங்கும் முன்னே, விருந்தினர் வரும் முன்னே: வீட்டைத் தயார் செய்யும் வழி

குளிர் பிரதேசத்தில் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் விடுமுறைக்குச் சொந்தக்காரர்களையோ நண்பர்களையோ வீட்டில் தங்க அழைத்துவிட்டு, இப்போது எங்கே ஆரம்பிப்பது என்று முழிப்பவர்களுக்காக.

பலரும் இதை இரண்டு தனி வேலைகளாக நினைக்கிறார்கள். குளிருக்கு ஹீட்டரைப் பார்த்துவிட்டால் போதும், விருந்தினருக்குப் படுக்கை விரித்துவிட்டால் போதும் என்று. உண்மையில் இரண்டும் ஒரே நாளில் ஒரே வீட்டின் மேல் வந்து இறங்கும் சுமை. மூன்று பேருக்குப் பழகிய வீட்டில் ஏழு பேர் தங்கும்போது வெந்நீர் பாதிக் குளியலில் தீரும், ஜன்னல் கண்ணாடி வியர்த்து வழியும், சமையலறைத் தொட்டி அடைக்கும், பிளக் பாயிண்ட் போதாது. இதெல்லாம் நடப்பதும் வருடத்தின் மிகக் குளிரான நாட்களில், ரிப்பேருக்குக் கூப்பிட்டால் ஆள் கிடைக்காத நாட்களில். அதனால் வரிசை முக்கியம்: வெளியாள் வந்து செய்ய வேண்டியது முதலில், உயிருக்கு ஆபத்தானது அடுத்து, சௌகரியம் அதற்கப்புறம், அலங்காரம் கடைசியில். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

1. ஆள் வைத்துச் செய்ய வேண்டியவை

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் அல்லது ஃபர்னஸின் சர்வீஸ், புகைபோக்கி சுத்தம், கூரையோர மழைநீர்க் கால்வாயில் தேங்கிய இலை அள்ளுவது. இந்த மூன்றையும் இலையுதிர் காலம் தொடங்கியதுமே சொல்லி வைத்துவிடுங்கள். முதல் கடுங்குளிர் அடித்த மறுநாள் ஊரே அதே ஆட்களைக் கூப்பிடும். விறகு எரிக்கும் கணப்பு இருந்தால் புகைபோக்கியை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும். விறகுப் புகை உள்சுவரில் தார் மாதிரிப் படியும், அந்தப் படிவே தீப்பிடிக்கும். ஈர விறகு அதிகமாகப் படிய வைக்கும் என்பதால் நன்றாகக் காய்ந்த விறகு மட்டும். சாம்பலை அள்ளினால் மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள், அணைந்துவிட்டது போலத் தெரியும் கங்கு நாள்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

வாடகை வீடு என்றால் இதில் பாதி வீட்டுக்காரர் பொறுப்பாகத்தான் இருக்கும். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

2. காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள்

எவ்வளவு சூடேற்றினாலும் இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருந்தால் பயனில்லை. காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். திரைச்சீலையை முதலில் ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். புகை நேராக மேலே போனால் சரி. சட்டென்று வளைந்தாலோ கலைந்தாலோ அங்கே காற்று புகுகிறது. ஜன்னலைவிட மற்ற இடங்கள்தான் ஏமாற்றும்: வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட், பாத்திரத் தொட்டிக்கடியில் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம், பரண் கதவு, தபால் போடும் துளை.

திறந்து மூடும் இடத்துக்கு ஃபோம் டேப் அல்லது ரப்பர் பட்டை, அசையாத விரிசலுக்கு சீலண்ட் என்ற அடைப்புப் பசை, கதவின் அடிக்குப் பிரஷ் பட்டை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலாக இருந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டி இழுத்து ஒட்டும் பிளாஸ்டிக் படலம் ஒன்று கிடைக்கும், பார்க்க அழகில்லாவிட்டாலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒன்று. காற்றோட்டத்துக்கென்றே வைத்த துவாரங்களை, முக்கியமாக எரிவாயுச் சாதனம் இருக்கும் அறையில் உள்ளதை, குளிர்கிறது என்று ஒருபோதும் அடைக்காதீர்கள். ஏன் என்று நாலாவதில் வருகிறேன்.

3. ஹீட்டிங்கை முன்கூட்டியே ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள்

குளிர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு சுமாரான நாளிலேயே ஒவ்வோர் அறையிலும் ஓடவிட்டுப் பாருங்கள். யாரும் புழங்காத அறையில்தான் கோளாறு ஒளிந்திருக்கும், விருந்தினரைத் தங்க வைக்கப் போவதும் அந்த அறையில்தான்.

வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் என்றால் கையால் தொட்டுப் பாருங்கள். அடிப்பாகம் சூடாகவும் மேல்பாகம் சில்லென்றும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறும்வரை விடுங்கள். ரேடியேட்டரின் பக்கவாட்டில் மேல் மூலையில் சின்னச் சதுரத் தலையுள்ள திருகு இருக்கும், அதற்கென்றே சாவி உண்டு. கீழே ஒரு பழைய துணியைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருப்புங்கள். ஸ்ஸ் என்று காற்று வரும், அப்புறம் துப்பித் துப்பித் தண்ணீர் வரும், அது சீராக வந்ததும் மூடிவிடுங்கள். அந்தத் தண்ணீர் பல நேரம் கறுப்பாக இருக்கும், கம்பளத்தில் சொட்டினால் கறை எளிதில் போகாது. முடிந்ததும் பாய்லரில் உள்ள அழுத்தமானியைப் பாருங்கள். வீட்டுப் பாய்லர்களில் ஆறிய நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும், காற்றை வெளியேற்றியதில் அது இறங்கியிருக்கலாம். அடுக்குமாடியில் பொதுவான ஹீட்டிங் என்றால் நீங்களே திருகைத் தொடாமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

சூடான காற்று ஊதும் வகை என்றால் வேலை சுலபம்: ஃபில்டரை மாற்றுங்கள். குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, அழுக்காக இருந்தால் மாற்றிவிடலாம். வீட்டில் ஆள் அதிகம் புழங்கும் வாரங்களில் அது சீக்கிரமே தூசியடையும். சோபாவோ கட்டிலோ காற்று வரும் துவாரத்தை மறைத்தபடி கிடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இதைத் தள்ளிப் போடாதீர்கள்: புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம்

எரிவாயு, எண்ணெய், விறகு, கரி, இதில் எது காற்று போதாமலோ வேறு காரணத்தாலோ சரியாக எரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். காற்றோட்டத் துவாரத்தை அடைக்காதீர்கள் என்றது இதற்காகத்தான். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. மூடிய வீட்டில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் அது சேர்ந்தால் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல்தான் ஆரம்ப அறிகுறிகள் என்பதால் சளிக் காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள். வீட்டில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் சந்தேகப்படுங்கள். உடனே எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவியை அழையுங்கள்.

ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் அலாரம் வேண்டும். விருந்தினர் படுக்கும் கீழறையோ மாடியறையோ விட்டுப்போகக் கூடாது. புகை அலாரத்தின் முதுகில் தயாரித்த தேதி இருக்கும், 10 வருடம் தாண்டியிருந்தால் பட்டனை அழுத்தினால் கத்துகிறதே என்று விட்டுவிடாமல் மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு ஆயுள் அதைவிடக் குறைவாகக்கூட இருக்கும், அதன் மேலேயே எழுதியிருப்பார்கள்.

கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவது, அறையைச் சூடாக்க எரிவாயு அடுப்பையோ ஓவனையோ திறந்து வைப்பது, ஜெனரேட்டரை வண்டிக் கொட்டகையில் ஓட்டுவது, இவற்றை உங்கள் வீட்டில் யாரும் செய்யக் கூடாது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு செய்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

5. தண்ணீர்க் குழாய்

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பனிக்கட்டி அடைத்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று நினைப்போம், பெரும்பாலும் அப்படி இல்லை. பனிக்கட்டிக்கும் மூடியிருக்கும் குழாய் முனைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் பிளக்கும். கடுங்குளிர் இரவில் குழாயை மெல்லிய தாரையாகத் திறந்துவிடச் சொல்வது அதற்காகத்தான், அழுத்தம் வெளியேற ஒரு வழி கிடைக்கும்.

தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கழற்றிவிடுங்கள். வெளிக்குழாய்க்கு வீட்டுக்குள் தனி வால்வு இருந்தால் அதை மூடி, வெளியே குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும், சூடேற்றாத அறையிலும் ஓடும் குழாய்களுக்கு ஃபோம் உறை போடுங்கள். கடுங்குளிர் இரவில் பாத்திரத் தொட்டிக்கடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறையின் சூடு குழாய்க்கும் போகும், ஆனால் உள்ளே இருக்கும் சோப்புத் திரவம், பிளீச்சை முதலில் எடுத்து மேலே வையுங்கள், வீட்டில் குழந்தைகள் வரப்போகிறார்கள்.

குழாய் உறைந்தேவிட்டால் அதன் முனையைத் திறந்து வைத்து, முனையிலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டுங்கள். நெருப்பு காட்டவே கூடாது. இன்னொன்று, வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி, ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். இறுகிப் போயிருந்தால் இப்போது தெரிவது நல்லது.

6. விருந்தினர் அறையில் ஓர் இரவு நீங்கள் தூங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். அவர்களுக்குக் கொடுக்கப் போகும் அதே கட்டில், அதே போர்வை, கதவைச் சாத்திக்கொண்டு. பகலில் பார்த்தால் தெரியாதது எல்லாம் நடு இரவில் தெரியும். தலைமாடு ஜன்னலை ஒட்டி இருப்பதால் உச்சந்தலை சில்லிடுவது, தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடிப்பது, படுத்தபடி விளக்கை அணைக்க முடியாதது, போனைச் சார்ஜ் போட்டால் கட்டிலுக்கு எட்டாதது, மூக்குக்கண்ணாடியும் மாத்திரையும் தண்ணீரும் வைக்க இடமில்லாதது. பக்கத்தில் ஒரு முக்காலி போடுவதும் கட்டிலைத் திருப்பிப் போடுவதும் கால் மணி நேர வேலைதான்.

காலையில் எழுந்ததும் ஒரு வெப்பமானியைப் பாருங்கள். குளிர் நாடுகளின் வீடுகளுக்குள் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் வந்தால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். அதுவும் வெப்பமான ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு உங்களுக்குப் பழகிப்போன 19 டிகிரி நடுக்கமாக இருக்கும், கேட்டால் கூச்சப்பட்டு "பரவாயில்லை" என்பார்கள். அதனால் கேட்காமலே செய்துவிடுங்கள்: ஒரு கனத்த ரஜாயைவிட நடுத்தரக் கனத்தில் இரண்டு மூன்று போர்வைகள், ஒரு சால்வை, தடித்த சாக்ஸ். வேண்டியதைப் போர்த்திக்கொள்வார்கள், வேண்டாததைத் தள்ளிவிடுவார்கள்.

காற்று நிரப்பிய மெத்தையில் படுக்க வைப்பதாக இருந்தால் மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு குளிரும். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்துபோய், உடம்பின் சூடு அடியிலேயே இறங்கிவிடும். மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு கம்பளியை மடித்துப் போடுங்கள், வித்தியாசம் முதல் இரவே தெரியும்.

தனி மின்சார ஹீட்டர் வைப்பதானால் திரைச்சீலை, போர்வை, துணி எதுவும் 1 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. நேராகச் சுவர் பிளக்கில் மட்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். தூங்கும் முன் அணைக்க வேண்டும். இதை விருந்தினரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

7. வெந்நீர்க் கணக்கு

ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடக் குளியலுக்கு 80 லிட்டர். குளிக்கும் தண்ணீர் 40 டிகிரி, வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரி, வெளியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர் 20 டிகிரி என்றால் அந்த 80இல் பாதி, 40 லிட்டர்தான் தொட்டியிலிருந்து வரும். குளிர்காலத்தில் பச்சைத் தண்ணீர் 5 டிகிரிக்கு இறங்கினால் அதே குளியலுக்கு 51 லிட்டர் வேண்டும். ஆக 150 லிட்டர் தொட்டி மூன்றாவது ஆளோடு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும், மறுபடி சூடாக நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். பாதிப் பேர் இரவில், பாதிப் பேர் காலையில் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அதே நேரத்தில் வாஷிங் மெஷினை வெந்நீரில் ஓட்டாதீர்கள்.

தொட்டியின் சூட்டைக் குறைத்தே வைக்கலாமே என்று தோன்றும். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும், அதற்காகத்தான் தொட்டியில் 60 டிகிரி வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் நேராகத் தோலில் பட்டால் சில நொடிகளில் வெந்துவிடும். குழந்தைகளும் முதியவர்களும் புழங்கும் குழாயில் சூட்டை மட்டுப்படுத்தும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பிளம்பரிடம் சொல்லிப் போடுங்கள். நெடுநாள் திறக்காத விருந்தினர் குளியலறையில் அவர்கள் வருவதற்கு முன் சில நிமிடங்கள் தண்ணீரை ஓடவிடுங்கள். ஷவர் தலையைத் துணியால் சுற்றிக்கொண்டோ தரைக்கருகில் பிடித்துக்கொண்டோ செய்தால் திவலை முகத்தில் தெறிக்காது.

8. ஜன்னல் வியர்ப்பது, பூஞ்சை

ஒருவர் ஓர் இரவு தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் தோலிலுமாகக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகிறது. ஏழு பேரின் மூச்சு, குளியல், சமையல், வீட்டுக்குள் காயும் ஈரத்துணி எல்லாம் சேர்ந்தால் பாருங்கள். அறை 21 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஜன்னல் கண்ணாடி முதலில், அப்புறம் பீரோவுக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவர். பூஞ்சை அங்கேதான் தொடங்கும்.

சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள், 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காலையில் எல்லோரும் எழுந்ததும் எதிரெதிர் ஜன்னல்களை 5 அல்லது 10 நிமிடம் அகலத் திறந்து மூடிவிடுங்கள். ஜன்னலைக் கொஞ்சமாக நாள் முழுக்கத் திறந்து வைப்பதைவிட இது மேல், காற்று மாறும், சுவரின் சூடு போகாது. வெளியே மழை தூறினாலும் செய்யலாம், ஏனென்றால் குளிர்ந்த காற்றில் மொத்தத்தில் நீராவி குறைவாகவே இருக்கும்.

சூடான காற்று ஊதும் வீடுகளில் பிரச்சினை நேரெதிர். காற்று வறண்டு உதடு வெடிக்கும், தொண்டை காயும். அங்கே காற்றில் ஈரம் கூட்டும் ஹியூமிடிஃபையர் உதவும், கண்ணாடி வியர்க்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

9. வாசல்

கதவுக்கு வெளியே ஒரு கரடு மிதியடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் மிதியடி, ஈரக் காலணிக்கு விளிம்புள்ள தட்டு, உட்கார்ந்து கழற்ற ஒரு ஸ்டூல். கோட்டு மாட்டும் கொக்கியை எண்ணிப் பாருங்கள், ஏழு பேரின் கனத்த கோட்டும் தாங்குமா?

படியில் பனி உறைந்தால் சாதாரண உப்பு தூவலாம், ஆனால் சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அது அவ்வளவாக வேலை செய்யாது. அதற்குக் கால்சியம் குளோரைடு வேண்டும். பிடிமானத்துக்கு மணல் போதும். உப்பைக் கொட்டிக் குவிக்காதீர்கள், செடிக்கும் நாயின் பாதத்துக்கும் கெடுதல், கான்கிரீட்டுக்கும்தான். கைப்பிடிக் கம்பி ஆடுகிறதா, வாசல் விளக்கு எரிகிறதா என்று இருட்டிய பிறகு நீங்களே ஒருமுறை வெளியிலிருந்து நடந்து வந்து பாருங்கள்.

10. சமையலறை, மின்சாரம், குழந்தைகள்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயைப் பாத்திரத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குளிர்ந்த குழாயில் சீக்கிரமே உறைந்து அடைக்கும், டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், பெரிய அண்டாவோடு வைத்தால் நடுவில் நெடுநேரம் சூடு தங்கிக் கெட்டுப்போகும். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

அலங்கார விளக்குக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகுவதும், கம்பளத்துக்கடியில் வயர் ஓட்டுவதும் வேண்டாம். ஒரே லைனில் ஹீட்டரும் ஹேர் டிரையரும் ஓடினால் டிரிப் ஆகும், அதை மறுபடி போடும் ஃபியூஸ் பெட்டி எங்கே என்று இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.

சின்னக் குழந்தை வருகிறதென்றால் பட்டன் பேட்டரியைத் தேடுங்கள். மின்மெழுகுவத்தி, ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்தட்டை எல்லாவற்றிலும் அது இருக்கும். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும், சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஜன்னல் மறைப்பின் தொங்கும் கயிற்றை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். வயதானவர்களுக்குப் படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, குளியலறையில் வழுக்காத விரிப்பு, கால் தடுக்கும் சின்னக் கம்பளம் இருந்தால் சுருட்டி வைத்துவிடுங்கள்.

11. வருவதற்கு முந்தைய நாள்

நெடுநாள் மூடிக் கிடந்த அறையில் காற்று சீக்கிரம் சூடாகும், சுவரும் மெத்தையும் ஆறு ஏழு மணி நேரமானாலும் சில்லென்றே இருக்கும். அதனால் முந்தைய இரவே அந்த அறையின் ஹீட்டிங்கைப் போட்டுவிடுங்கள். கழிவறையில் கூடுதல் பேப்பரும் அடைப்பு எடுக்கும் பிளஞ்சரும் கண்ணில் படும்படி வையுங்கள், கேட்கக் கூச்சமான பொருள்கள் அவை. அலமாரியில் ஒரு தட்டும் நாலு ஹேங்கரும் காலியாக விடுங்கள்.

அவர்கள் வந்து உட்கார்ந்து, கை கால் சூடானதும், ஐந்து நிமிடம் வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள்: சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை எப்படித் திருப்புவது, ஷவரில் வெந்நீர் எந்தப் பக்கம், அலாரம் கத்தினால் எந்த வழியாக வெளியே போவது, மின்சாரம் போனால் டார்ச் எங்கே. வைஃபை கடவுச்சொல்லோடு இதையும் ஒரு தாளில் எழுதி முக்காலியில் வைத்துவிடலாம்.

அவர்கள் கிளம்பியதும் நீங்களும் வெளியூர் போவதாக இருந்தால் ஹீட்டிங்கை முழுவதுமாக அணைத்துவிட்டுப் போகாதீர்கள். 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடித்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவியையும் அந்த வால்வு இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பாய்லருக்கு அந்தக் குழாயிலிருந்தே தண்ணீர் போகிறது என்றால் மட்டும் மூடும் முன் சர்வீஸ் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.